ரத்த வகைப் பொருத்தம்: ரத்தம் ஏற்றுவதிலிருந்து உறுப்பு மாற்று வரை, கூட இருப்பவருக்கு ஒரு வழிகாட்டி

என் அக்காவுக்குச் சிறுநீரகம் செயலிழந்தபோது, முதலில் ரத்தம் ஏற்றினார்கள், பிறகு டயாலிசிஸ், அதற்கப்புறம் மாற்று அறுவை சிகிச்சை. அந்தக் காலம் முழுவதும் மருத்துவமனைக்கும் ரத்த வங்கிக்கும் இடையே அலைந்தோம். ‘குரூப் ஒன்றுதானே, பிறகு ஏன் தாமதம்?’ என்று கேட்காத உறவினர் இல்லை. பதில் எங்களுக்கே தெரியாது. யாரும் உட்காரவைத்து விளக்கவும் இல்லை. கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை நீங்கள் செய்ய வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். குரூப் பொருந்துவது முதல் சோதனைதான். ரத்தத்தின் எந்தப் பகுதியை ஏற்றுகிறார்கள், நோயாளியின் உடம்பில் ஏற்கெனவே என்னென்ன எதிர்ப்பொருள்கள் (அந்நிய அணுக்களைத் தாக்கும் புரதங்கள்) உருவாகியிருக்கின்றன, சாம்பிள் எப்போது எடுத்தது, இவையெல்லாம் சேர்ந்துதான் ‘கொடுக்கலாம்’ என்ற முடிவு வரும். சிகிச்சை முடிவு மருத்துவருடையது. கூட இருப்பவர் செய்யக்கூடிய வேலைகளை மட்டும் இங்கே பார்ப்போம்.

1. குரூப்பைக் காகிதத்தில் வாங்கி வையுங்கள்

‘எனக்கு ஓ பாசிட்டிவ்’ என்று வாயால் சொல்வதையோ, பழைய அடையாள அட்டையில் அச்சாகியிருப்பதையோ ரத்த வங்கி ஏற்காது. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சோதிப்பார்கள். அது சரியான நடைமுறை; சண்டை போடாதீர்கள். பல மருத்துவமனைகளில் வெவ்வேறு நேரத்தில் எடுத்த இரண்டு சாம்பிள்கள் ஒரே குரூப்பைக் காட்டினால்தான் அந்தக் குரூப் ரத்தத்தைத் தருவார்கள். முதல் குழாயில் வேறொருவர் பெயர் ஒட்டப்பட்டிருந்தால் இரண்டாவது குழாய்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

ரிப்போர்ட்டில் ஏ, பி, ஏபி, ஓ என்பதோடு ஆர்எச் பாசிட்டிவா நெகட்டிவா என்பதும் இருக்க வேண்டும். ஒரே ஆளுக்கு ஓரிடத்தில் பாசிட்டிவ் என்றும் இன்னோரிடத்தில் நெகட்டிவ் என்றும் வந்தால் பதற வேண்டாம். பாசிட்டிவா நெகட்டிவா என்பதைத் தீர்மானிக்கும் ஆர்எச் டி என்ற அடையாளம் சிலருக்குப் பலவீனமாக இருக்கும். அப்படிப்பட்டவர் ரத்தம் கொடுக்கும்போது பாசிட்டிவ் என்றும், பெறும்போது பாதுகாப்புக்காக நெகட்டிவ் என்றும் வைத்துக்கொள்வதுண்டு. இரண்டு ரிப்போர்ட்டையும் காட்டி, ‘பெறுபவராக இவரை எப்படிக் கணக்கில் எடுப்பீர்கள்?’ என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இன்னொரு அரிய சிக்கல், பாம்பே வகை. சாதாரணச் சோதனையில் இது ஓ என்றே தெரியும். ஆனால் இவர்களுக்கு ஓ ரத்தமும் சேராது; பாம்பே வகை ரத்தம்தான் வேண்டும். நோயாளியின் குரூப் ஓ, ஆனால் எந்த ஓ யூனிட்டும் பொருந்தவில்லை என்றால் இதையும் சோதித்தார்களா என்று கேளுங்கள்.

விபத்து போன்ற அவசரத்தில் குரூப் தெரியும் முன்பே ஓ ரத்தம் ஏற்றிவிடுவார்கள். அதற்கு முன் ஒரு குழாய் சாம்பிள் எடுத்தாயிற்றா என்று மட்டும் கேளுங்கள். நிறைய ஓ ரத்தம் ஏற்றிய பிறகு எடுத்த சாம்பிளில் இரண்டு பேருடைய அணுக்களும் கலந்திருக்கும். குரூப்பை உறுதிசெய்வது கடினமாகிவிடும்.

2. எதை ஏற்றப்போகிறார்கள் என்று கேளுங்கள்

நிறையப் பேர் தடுமாறும் இடம் இதுதான். ‘ரத்தம்’ என்று பொதுவாகச் சொன்னாலும், பெரும்பாலும் ஏறுவது அதிலிருந்து பிரித்த ஒரு பகுதி. பகுதி மாறினால் பொருத்தத்தின் திசையும் மாறும்.

சிவப்பணு: ஓ நோயாளிக்கு ஓ மட்டும். ஏ நோயாளிக்கு ஏ, ஓ. பி நோயாளிக்கு பி, ஓ. ஏபி நோயாளிக்கு நான்கும். ஆர்எச் நெகட்டிவ் உள்ளவருக்கு நெகட்டிவ்தான் முதல் தேர்வு.

பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி): அப்படியே தலைகீழ். ஏபி பிளாஸ்மாவை எல்லாருக்கும் கொடுக்கலாம். ஓ பிளாஸ்மா ஓ நோயாளிக்கு மட்டுமே. சிவப்பணுக்களின் மேல்பரப்பில் இருக்கும் ஏ, பி அடையாளங்கள் பிளாஸ்மாவில் கிடையாது. அவற்றைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள்தான் பிளாஸ்மாவில் மிதக்கின்றன. ஓ குரூப்பின் பிளாஸ்மாவில் இரண்டுக்கும் எதிரான எதிர்ப்பொருள்கள் உண்டு. ஏபியில் இரண்டுமே இல்லை.

பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்): அதே குரூப் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வேறு குரூப்பும் கொடுப்பதுண்டு. ஏற்றிய பிறகு எண்ணிக்கை எதிர்பார்த்த அளவுக்கு ஏறாமல் போகலாம். சிறு குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் எடுப்பார்கள்.

‘ஓ நெகட்டிவ் எல்லாருக்கும் சேரும்’ என்ற பேச்சு சிவப்பணுவுக்கு மட்டுமே பொருந்தும் என்பது இப்போது புரிந்திருக்கும். பிளாஸ்மா தேவைப்படும் இடத்தில் ஓ நெகட்டிவ் கொடையாளரைத் தேடி ஓடுவது வீண் அலைச்சல்.

ஆர்எச் நெகட்டிவ் பெண், இனி குழந்தை பெறும் வயதில் இருக்கிறார் என்றால் இங்கே கறாராக இருங்கள். பாசிட்டிவ் சிவப்பணு ஏறினால் அவர் உடம்பில் டி எதிர்ப்பொருள் உருவாகலாம். பின்னாளில் வயிற்றில் வளரும் பாசிட்டிவ் குழந்தையின் சிவப்பணுக்களை அது அழிக்கும். ஆண்களுக்கும் வயதான பெண்களுக்கும் அவசரத்தில் ஓ பாசிட்டிவ் கொடுப்பது பல நாடுகளில் வழக்கம். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

3. சாம்பிள் கொடுக்கும் நாளில் செய்ய வேண்டியவை

பொருந்தாத குரூப் ரத்தம் ஏறிவிடுவதற்கு மிகப் பெரிய காரணம் ஆய்வகப் பிழை இல்லை; பெயர் மாறுவதும் லேபிள் மாறுவதும்தான். ஆகவே நீங்கள் அங்கே நிற்பதற்குப் பயன் உண்டு. ஊசி குத்துவதற்கு முன் நோயாளியே தன் முழுப்பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லட்டும். குழாயில் லேபிளைக் கட்டிலருகிலேயே ஒட்டச் சொல்லுங்கள். வேறு மேசைக்கு எடுத்துப்போய் ஒட்டினால் தயங்காமல் சொல்லுங்கள்.

பெயரின் எழுத்துகள் அனுமதிச் சீட்டில், கைப்பட்டையில், ரத்தக் கோரிக்கைப் படிவத்தில் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். தலைப்பெழுத்து முன்னே ஓரிடத்தில், பின்னே ஓரிடத்தில் என்று இருந்தாலே சாம்பிளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கு இதனால் ஒரு இரவு முழுக்கப் போனது.

நேரக் கணக்கு இப்படி இருக்கும். குரூப் மட்டும் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். நோயாளியின் பிளாஸ்மாவையும் பையிலுள்ள அணுக்களையும் கலந்து பார்க்கும் முழு கிராஸ்மேட்சுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஏ, பி தவிர வேறு எதிர்ப்பொருள் ஏதாவது தென்பட்டால் அது என்னவென்று கண்டுபிடித்துப் பொருத்தமான பையைத் தேட வேண்டும்; பல மணி நேரமோ, சில நாளோ ஆகலாம். ‘குரூப் ஒன்றுதானே’ என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ஏபிஓ, ஆர்எச் தவிர இன்னும் பல ரத்த வகை அமைப்புகள் உண்டு. கெல், கிட், டஃபி என்று ரிப்போர்ட்டில் பெயர் வந்தால் அவைதான். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால் முந்தைய இரவு வரை காத்திருக்காமல் முன்கூட்டியே எதிர்ப்பொருள் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

சாம்பிளுக்கும் ஆயுள் உண்டு. கடந்த 3 மாதத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ, கர்ப்பமாக இருந்திருந்தாலோ பெரும்பாலும் 3 நாளுக்கு மேல் அந்தச் சாம்பிளைப் பயன்படுத்த மாட்டார்கள். ‘நாலு நாளைக்கு முன்புதானே எடுத்தீர்கள்’ என்று கோபப்படாதீர்கள். புதிய எதிர்ப்பொருள் அந்த இடைவெளியில் தலைகாட்டலாம்.

படிவம் நிரப்பும்போது இவற்றைக் கட்டாயம் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்:

- முன்பு ரத்தம் ஏற்றிய தேதி, மருத்துவமனை, அப்போது காய்ச்சலோ நடுக்கமோ வந்ததா
- எத்தனை முறை கர்ப்பம், கருச்சிதைவும் சேர்த்து
- ஆர்எச் நெகட்டிவ் தாய்க்குப் போடும் டி எதிர்ப்பொருள் ஊசி சமீபத்தில் போட்டதா. போட்டிருந்தால் அது சோதனையில் தெரியும்
- எலும்பு மஜ்ஜை மாற்றோ உறுப்பு மாற்றோ நடந்திருக்கிறதா
- டாராட்டுமுமாப் மருந்து போடுகிறார்களா. மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களுக்குக் கொடுக்கும் இந்த மருந்து கிராஸ்மேட்சைக் குழப்பிவிடும். முதல் ஊசிக்கு முன்பே ரத்த வங்கியில் நோயாளியின் ரத்த வகைகளுக்கான முழு விவரச் சோதனை செய்து வைப்பது நல்லது

4 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் தாயின் சாம்பிளும் கேட்பார்கள். குழந்தையின் ரத்தத்தில் இருப்பது தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள். தாய் வேறு மருத்துவமனையில் படுத்திருந்தால் அங்கிருந்து சாம்பிள் வர ஏற்பாடு செய்யுங்கள். இதில் நேரம் நிறையப் போகும்.

4. கொடையாளர்களை அழைக்கும் முன்

ஆள் வந்து ரத்தம் கொடுத்துவிட்டால் அதே பை அடுத்த மணி நேரத்தில் நோயாளிக்கு ஏறாது. எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் போன்ற தொற்றுச் சோதனைகள் முடிய வேண்டும். பிறகு பகுதி பிரிக்க வேண்டும். பல மணி நேரம் முதல் ஒரு நாள் வரை ஆகும். அதனால் உடனடித் தேவைக்கு வங்கியின் இருப்பிலிருந்து கேளுங்கள். எடுத்ததற்கு ஈடாகக் கொடுக்கச் சொன்னால், அதற்கு எந்தக் குரூப் கொடையாளரும் வரலாம் என்பதுதான் பெரும்பாலான இடங்களின் நடைமுறை. அதே குரூப் ஆளைத் தேடி அலையும் முன் அதைக் கேட்டுவிடுங்கள்.

பிளேட்லெட்டுக்குக் கணக்கு வேறு. அதன் ஆயுள் 5 முதல் 7 நாள்தான். 20–24 டிகிரி செல்சியஸில் அசைத்துக்கொண்டே வைத்திருக்க வேண்டும். சிவப்பணு குளிரில் 35–42 நாள் தாங்கும். ஆகவே பிளேட்லெட் கொடையாளர்கள் எல்லாரையும் ஒரே நாளில் வரவைக்காமல் முறைவைத்து வரச் சொல்லுங்கள். பிளாஸ்மா உறைநிலையில் இருக்கும். உருக்கவே 20–30 நிமிடம் வேண்டும். உருக்கிய பிறகு வேண்டாம் என்றால் பெரும்பாலும் வீண்தான்.

அடுத்தது முக்கியமான பொறி: நெருங்கிய உறவினரின் ரத்தம். ‘வெளியாள் ரத்தத்தைவிட வீட்டு ஆள் ரத்தம் நல்லது’ என்ற நம்பிக்கை பாசத்தில் வருவது. ஆனால் பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர் ரத்தத்தை அப்படியே ஏற்றினால், அதிலுள்ள வெள்ளையணுக்கள் நோயாளியின் உடம்பைத் தாக்கும் ஆபத்து உண்டு. அரிதாகத்தான் வரும்; வந்தால் பெரும்பாலும் உயிரிழப்பில் முடியும். அதனால் அப்படிப்பட்ட பையைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பிறகே தர வேண்டும். வெள்ளையணு வடிகட்டி இதற்கு மாற்று ஆகாது. பிற்காலத்தில் உறவினரிடமிருந்து மஜ்ஜையோ உறுப்போ பெற வாய்ப்பிருந்தால் அவர் ரத்தத்தை இப்போது ஏற்றவே வேண்டாம் என்பார்கள். குழந்தை பெறும் வயதிலுள்ள மனைவிக்குக் கணவர் ரத்தத்தைத் தவிர்ப்பது, கணவரின் அணுக்களுக்கு எதிராக அவர் உடம்பில் எதிர்ப்பொருள் உருவாகிப் பின்னாளில் வயிற்றிலுள்ள குழந்தையைத் தாக்கலாம் என்பதால்தான்.

செலவு பற்றி. எந்த ஊரிலும் பில்லில் வருபவை பெரும்பாலும் சோதனை, பதப்படுத்தல், சேமிப்புக் கட்டணங்கள்தான். கிராஸ்மேட்ச் ஒவ்வொரு பைக்கும் தனி. வெள்ளையணு வடிகட்டல், கதிர்வீச்சு, ஒரே கொடையாளரிடம் இயந்திரம் மூலம் எடுக்கும் பிளேட்லெட் ஆகியவை தொகையைக் கணிசமாக ஏற்றும். எந்தெந்தத் தலைப்பைக் காப்பீடு ஏற்கும் என்று முன்பே எழுத்தில் கேளுங்கள்.

5. பை கட்டிலுக்கு வந்ததும்

பையிலுள்ள குரூப், எண், காலாவதித் தேதி, நோயாளியின் பெயர், கைப்பட்டை எண் எல்லாவற்றையும் கட்டிலருகில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். செவிலியர் அதைச் செய்யும்போது நீங்களும் கூடவே வாசியுங்கள். ஏ நோயாளிக்கு ஓ சிவப்பணுப் பை வந்தால் அது சரிதான். ஓ நோயாளிக்கு ஏ சிவப்பணு வந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சிவப்பணுவை 30 நிமிடத்துக்குள் தொடங்கி, 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஆகவே ஊசி வழி தயாராக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பையை வாங்கிவரப் போங்கள். பையை அறைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. வெந்நீரில் சூடுபடுத்தவும் கூடாது.

முதல் 15 நிமிடம் கட்டிலை விட்டு நகராதீர்கள். காய்ச்சல், நடுக்கம், இடுப்பு அல்லது முதுகு வலி, ஊசி ஏறும் இடத்தில் எரிச்சல், மூச்சுத் திணறல், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவது, காரணம் தெரியாத பெரும் பதற்றம், இவற்றில் ஒன்று வந்தாலும் செவிலியரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் பையையும் குழாயையும் தூக்கி எறிய விடாதீர்கள். ரத்த வங்கி அதைச் சோதிக்க வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு காலம் உண்டு. 3 முதல் 14 நாளுக்குள் கண் மஞ்சளாவது, காய்ச்சல், மறுபடி ஹீமோகுளோபின் இறங்குவது என்றால், தாமதமாக வந்த எதிர்வினையாக இருக்கலாம். வயது வந்தவருக்கு ஒரு யூனிட் சிவப்பணு ஹீமோகுளோபினை டெசிலிட்டருக்குச் சுமார் 1 கிராம் ஏற்றும். ஏறியது அப்படியே சரிந்தால் கேள்வி கேளுங்கள். எதிர்ப்பொருள் கண்டுபிடித்திருந்தால் அதன் பெயர் எழுதிய அட்டை வாங்கி நோயாளியின் பணப்பையில் வையுங்கள். சில எதிர்ப்பொருள்கள் காலப்போக்கில் சோதனைக்கே அகப்படாத அளவுக்குக் குறைந்துவிடும். அடுத்த முறை அந்த அட்டைதான் ஒரே சாட்சி.

6. உறுப்பு மாற்று: எந்த உறுப்புக்கு எது பொருந்த வேண்டும்

உறுப்புக்கு ஏபிஓ விதி சிவப்பணு விதிதான்: ஓ கொடையாளர் யாருக்கும், ஏபி பெறுபவர் யாரிடமிருந்தும். ஆர்எச் பாசிட்டிவ், நெகட்டிவ் இங்கே தடையாக இருப்பதில்லை. ‘நான் நெகட்டிவ், அவர் பாசிட்டிவ்’ என்று சொல்லி விலகும் உறவினருக்கு இதைச் சொல்லுங்கள்.

சிறுநீரகத்துக்குக் குரூப்போடு எச்எல்ஏ என்ற திசு வகையும், முக்கியமாக அதற்கு எதிரான எதிர்ப்பொருள்களும் பார்ப்பார்கள். கல்லீரலுக்குக் குரூப்பும் உறுப்பின் அளவும் முக்கியம். எச்எல்ஏ பொருத்தம் பொதுவாகத் தேடுவதில்லை. இதயம், நுரையீரலுக்குக் குரூப், உடல் அளவு, எதிர்ப்பொருள்கள், அதோடு நேரம். எடுத்த இதயம் வெளியே 4–6 மணி நேரம்தான் தாங்கும். சிறுநீரகம் ஒரு நாளுக்கு மேலும் தாங்கும். கண்ணின் கார்னியாவுக்கு வழக்கமாகக் குரூப் பார்ப்பதில்லை. எலும்பு மஜ்ஜைக்கு எல்லாமே எச்எல்ஏதான். குரூப் வேறாக இருந்தாலும் செய்யலாம்.

7. சிறுநீரகக் கொடையாளரைத் தேடும் வரிசை

முதலில் குரூப். மலிவான, சீக்கிரம் முடியும் சோதனை. முன்வரும் எல்லாருக்கும் இதை மட்டும் எடுங்கள். எல்லாருக்கும் ஒரே நாளில் எச்எல்ஏ எடுத்தால் பணம் கரையும். குரூப் பொருந்துபவர்களில் உடல்நலம் சரியாக இருப்பவருக்கு அடுத்த கட்டம்.

எச்எல்ஏ ரிப்போர்ட்டில் 6-க்கு எத்தனை பொருந்துகிறது என்று வரும். பெற்றோரும் பிள்ளையும் குறைந்தது பாதி பொருந்துவார்கள். உடன்பிறந்தவர்கள் முழுதாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்பு, பாதிக்கு 50, எதுவும் பொருந்தாமல் போக 25. எண்ணிக்கை குறைவு என்று மனம் தளர வேண்டாம். எதுவுமே பொருந்தாத கணவன் மனைவியிடையே நடந்த மாற்றுகள் நன்றாக வேலை செய்கின்றன. உண்மையான தடை கிராஸ்மேட்ச் பாசிட்டிவ் ஆவதுதான். கொடையாளரின் அணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள் நோயாளியிடம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது என்று பொருள்.

ரத்த வங்கியில் ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய குடும்பங்கள் இந்த ரிப்போர்ட்டைப் பார்த்து மகிழ்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே நெகட்டிவ்தான் நல்ல செய்தி.

அந்த எதிர்ப்பொருள்கள் மூன்று வழியில் வரும்: கர்ப்பம், ரத்தம் ஏற்றியது, முந்தைய மாற்று. அதனால்தான் தாய்க்குப் பிள்ளையோ, மனைவிக்குக் கணவரோ கொடுக்க வரும்போது குரூப் ஒத்திருந்தும் கிராஸ்மேட்ச் தடுக்கிறது. மாற்றுக்குக் காத்திருக்கும் நோயாளிக்கு ரத்தம் ஏற்ற வேண்டும் என்றால், ‘இரும்புச்சத்து ஊசி, சிவப்பணு உருவாவதைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் ஊசியால் சமாளிக்க முடியுமா?’ என்று முதலில் கேளுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் வெள்ளையணு நீக்கிய ரத்தம் கேளுங்கள். ஏற்றிய தேதியை மாற்று மையத்துக்கு உடனே தெரிவியுங்கள்; சில வாரம் கழித்து எதிர்ப்பொருள் சோதனையை மறுபடி எடுப்பார்கள்.

கொடையாளரின் மதிப்பீடு வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் நீளும். அறுவைக்குச் சற்று முன் இறுதி கிராஸ்மேட்ச் இன்னொரு முறை உண்டு. அதற்கும் பணம் ஒதுக்குங்கள். உறுப்பை விற்பதும் வாங்குவதும் கிட்டத்தட்ட எல்லா நாட்டிலும் குற்றம். அதனால் அடையாளச் சான்று, உறவுச் சான்று, சுய விருப்பச் சம்மதம், பல இடங்களில் குழுவின் முன் நேர்காணல் எல்லாம் இருக்கும். உறவுச் சான்றில் பெயர் எழுத்து மாறினால் கோப்பு நின்றுவிடும். மருத்துவச் சோதனைகள் ஓடும்போதே சான்றுகளைத் திருத்தத் தொடங்குங்கள்.

செலவுக் கணக்கில் அறுவைக் கட்டணத்தை மட்டும் எழுதாதீர்கள். கொடையாளரின் சோதனைகள், அவர் வேலைக்குப் போக முடியாத வாரங்கள், வாழ்நாள் முழுவதும் போட வேண்டிய எதிர்ப்பாற்றல் அடக்கும் மாத்திரைகள், அவற்றின் அளவைப் பார்க்கும் ரத்தச் சோதனைகள், இவைதான் நீண்ட காலச் சுமை.

8. குரூப் பொருந்தாவிட்டால்

கதை முடிந்துவிடவில்லை. மூன்று வழி உண்டு.

இணை மாற்றம்: உங்கள் கொடையாளர் இன்னொரு குடும்பத்து நோயாளிக்கும், அவர்கள் கொடையாளர் உங்கள் நோயாளிக்கும் கொடுப்பது. நோயாளியும் கொடையாளரும் ஒருவர் ஏ, மற்றவர் பி என்றிருக்கும் ஜோடிகளுக்கு இது பெரும்பாலும் நன்றாக அமையும். இரண்டு அறுவைகளையும் ஒரே நேரத்தில் வைப்பது வழக்கம். பதிவு இருக்கிறதா, உங்கள் நாட்டுச் சட்டம் யார் யாருக்கிடையே அனுமதிக்கிறது என்று மையத்தில் கேளுங்கள்.

குரூப் கடந்த மாற்று: நோயாளியின் ஏ அல்லது பி எதிர்ப்பொருளை பிளாஸ்மா மாற்றத்தாலும் ரிட்டுக்சிமாப் போன்ற மருந்தாலும் இறக்கிவிட்டுச் செய்வது. மருந்து அறுவைக்குச் சில வாரம் முன்பே தொடங்கும். கூடுதல் செலவு, கூடுதல் தொற்று அபாயம். முதலில் எதிர்ப்பொருளின் டைட்டர் அளவு (ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு) கேளுங்கள். 1:16-ம் 1:1024-ம் ஒன்றல்ல; இரண்டாவது மிக அதிகம். கொடையாளர் ஏ என்றால் ஏ1-ஆ ஏ2-ஆ என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஏ2 ஆட்களின் அணுக்களில் ஏ அடையாளம் குறைவு என்பதால், டைட்டர் குறைந்த நோயாளிக்குச் சில நேரம் வழி திறக்கும்.

மூன்றாவது, இறந்தவர் உறுப்புக்கான காத்திருப்புப் பட்டியல். மற்ற இரண்டையும் முயலும்போதே இதில் பெயரைப் பதிந்துவிடுங்கள், ஏனென்றால் காலம்தான் இங்கே கணக்கு. இந்தப் பட்டியலில் ஓ நோயாளி பெரும்பாலும் ஓ உறுப்பை மட்டுமே பெற முடியும் என்பதால் அவர்களுக்குக் காத்திருப்பு நீளும்.

9. மாற்றுக்குப் பிறகு ரத்தம் தேவைப்பட்டால்

ஓ கொடையாளரின் உறுப்பை ஏ அல்லது பி நோயாளி பெற்றிருந்தால், உறுப்போடு வந்த வெள்ளையணுக்கள் 1 முதல் 3 வாரத்துக்குள் நோயாளியின் சிவப்பணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருளை உருவாக்கலாம். ஹீமோகுளோபின் திடீரென இறங்கினால் இதையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது ஏற்றும் சிவப்பணு ஓ-வாக இருக்கும். குரூப் கடந்த மாற்று நடந்தவருக்கு பிளாஸ்மா ஏற்ற வேண்டியிருந்தால், புதிய உறுப்பைத் தாக்காத குரூப் பிளாஸ்மாவைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அந்த விவரம் புதிய மருத்துவமனைக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மஜ்ஜை மாற்று நடந்தவரின் குரூப்பே சில மாதங்களில் கொடையாளரின் குரூப்பாக மாறிவிடும். மாறும் காலத்தில் சிவப்பணு ஒரு குரூப், பிளாஸ்மா வேறு குரூப் என்று வங்கி தனி அட்டவணை போட்டுத் தரும். அதை நகலெடுத்து இரண்டு பேர் கைபேசியிலாவது வையுங்கள். பழைய குரூப் அச்சான அட்டைகளை எல்லாம் மாற்றி வாங்குங்கள்.